எட்டு மாத ஷி சூ நாய்: பிஸ்கட் கண்ணில் பட்டால்தான் காது கேட்கிறது, மிதியடியெல்லாம் கழிப்பறை

மடிப்பாக்கம் மீனா:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு ஷி சூ இருக்கிறது. ஆண், 8 மாதம், 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெயர் புஜ்ஜி. மூன்றாவது மாடி ஃபிளாட், லிஃப்ட் உண்டு. வீட்டில் நானும் கணவரும், மாமியார், ஏழாவதும் நான்காவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள். வாங்கும்போது "ரொம்ப சாது மேடம், ஃபிளாட்டுக்கென்றே பிறந்த ஜாதி" என்றார்கள். சாதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு பிடிவாதத்தை நான் என் பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை.

முதல் பிரச்சினை மூத்திரம். பால்கனியில் பேப்பர் விரித்து வைத்திருக்கிறோம். சில நேரம் அதில் போகும், பல நேரம் போகாது. பாத்ரூம் வாசல் மிதியடி, பிள்ளைகள் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்ன கார்ப்பெட், ஒருமுறை மாமியார் மத்தியானம் படுப்பதற்காக விரித்த கோரைப்பாய், இவைதான் ஐயாவுக்குப் பிடித்த இடங்கள். காலையில் கீழே கூட்டிப்போய் அரை மணி நேரம் சுற்றுவேன், ஒன்றும் செய்யாது. மேலே வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மிதியடி நனைந்திருக்கும். வேண்டுமென்றே செய்கிற மாதிரியே இருக்கிறது.

அப்புறம் வாக்கிங். கேட் தாண்டி நான்கு வீடு போனதும் நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும். கடைசியில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். வாட்ச்மேன் என்னைப் பார்த்து தினமும் சிரிக்கிறார்.

புத்தி இல்லை என்று சொல்லவே முடியாது. ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தமும் பீரோ திறக்கிற சத்தமும் அதற்கு வேறு வேறாகத் தெரியும். மாமியார் பூஜை முடித்து மணி அடித்தால் எந்த மூலையில் தூங்கினாலும் ஓடிவந்து அவர் காலடியில் உட்காரும். நான் "புஜ்ஜி வா" என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கையில் பிஸ்கட் இருந்தால் உட்காரும், கை கொடுக்கும், சுற்றும். பிஸ்கட் இல்லையென்றால் நான் யாரோ அது யாரோ. இப்போது புதிதாக, சோபாவில் இருந்து தூக்கி இறக்கப் போனால் உறுமவும் ஆரம்பித்திருக்கிறது.

ட்ரெய்னர் ஒருவரிடம் கேட்டதற்கு இரண்டு மாதம் தன்னிடம் விட்டுவிடச் சொல்கிறார். பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் மனசில்லை. வீட்டிலேயே நாங்களே பழக்க முடியுமா? இல்லை, இந்த ஜாதியே இப்படித்தானா?


ராஜபாளையத்தான்:

அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ராஜபாளையமும் சிப்பிப்பாறையும்தான். எந்த நாய்க்கும் யாரும் பிஸ்கட்டை நீட்டிக் கெஞ்சியதில்லை. வீட்டுக்கு யார் பெரியவர் என்று அதற்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பேப்பரைச் சுருட்டித் தரையில் ஓங்கி ஒரு தட்டு. மூத்திரம் போன இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைக் காட்டி ஒரு அதட்டல். நாம் சாப்பிட்ட பிறகுதான் அதற்குச் சாப்பாடு. சோபாவில் ஏற்றியதே தப்பு. உறுமினால் புரட்டிப் போட்டு இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள், யார் தலைவர் என்று புரிந்துவிடும். பொம்மை மாதிரி வளர்த்தால் பொம்மை மாதிரிதான் உட்கார்ந்திருக்கும்.


நாலுகால்:

மீனா மேடம், உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல ட்ரெய்னர் இருக்கிறார். உங்கள் மாமியார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மணி அடித்தால் எந்த மூலையில் இருந்தாலும் வருகிறது, வந்ததும் உட்காருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பூஜை முடிந்ததும் அவர் ஏதோ கொடுக்கிறார், சரிதானே? சர்க்கரையோ வாழைப்பழமோ எதுவோ. இப்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சத்தம் ஒரே சத்தம், தினமும் அதே மணி. மணி அடித்த பிறகு கொடுக்காமல் விட்டதே கிடையாது. வந்து உட்கார்ந்த உடனே கிடைக்கிறது, ஐந்து நிமிடம் கழித்து இல்லை. மணியடித்துக் கூப்பிட்டு அவர் ஒருநாளும் அதைக் குளிப்பாட்டியதில்லை, காது சுத்தம் செய்ததில்லை, திட்டியதில்லை. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடம் வைத்து நாய்களிடம் பார்த்ததை, ஒரு சத்தத்தோடு சாப்பாட்டை இணைத்துவிடுவதைத்தான், உங்கள் மாமியார் பூஜையறையில் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது "புஜ்ஜி வா" என்பதைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை பேர், எதற்கெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறீர்கள்? "புஜ்ஜி, செருப்பை விடு", "புஜ்ஜி, ஐயோ மறுபடியுமா", "புஜ்ஜி வா, குளிக்கலாம்". பத்தில் எட்டு தடவை கெட்ட செய்தி. கேட்காத மாதிரி இருப்பதுதான் அதற்கு லாபம். அதோடு நீங்கள் "உட்கார்" என்பீர்கள், பிள்ளைகள் "சிட் சிட் சிட்" என்பார்கள், உங்கள் கணவர் வேறு ஏதாவது சொல்வார். இதைப் பிடிவாதம் என்று சொல்வது அதற்குச் செய்கிற அநியாயம்.

ஜாதி என்று கேட்டீர்கள். ஷி சூ திபெத்து நாய்களின் வழிவந்து, சீன அரண்மனையில் மடியில் வைத்துக்கொள்வதற்காகவே வளர்க்கப்பட்டது. ஆடு மேய்க்கவில்லை, வேட்டைக்குப் போகவில்லை. மேய்ச்சல் நாயாக இருந்தால் மனிதன் கை அசைந்ததும் "என்ன வேலை?" என்று நிற்கும். இதற்கு அந்தப் பரம்பரைப் பழக்கமே கிடையாது, மனிதர் பக்கத்தில் இருப்பதுதான் அதன் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்கிறது. ஸ்டான்லி கோரன் என்ற உளவியலாளர் 1994-இல் வெளியிட்ட நாய் அறிவுப் பட்டியலில் ஷி சூ கடைசி வரிசைகளில் வரும், இணையத்தில் எல்லோரும் அதைத் தூக்கிக் காட்டுவார்கள். அது கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கேட்டுத் தயாரித்த பட்டியல். சொன்னதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறது என்பதைத்தான் அது காட்டும், ஃபிரிட்ஜையும் பீரோவையும் பிரித்துக் கேட்கிற மூளையை அது அளக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம். முதலில் கூப்பிடுவது. "புஜ்ஜி வா" என்கிற சொல் இப்போதைக்குக் கெட்டுப்போய்விட்டது, விட்டுவிடுங்கள். புதிதாக ஒரு சொல் எடுத்துக்கொள்ளுங்கள், "இங்கே" என்பது போதும். வீட்டில் ஐந்து பேரும் அதையே சொல்ல வேண்டும். ஒரே அறையில், இரண்டு அடி தூரத்தில், அது உங்களைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து "இங்கே" என்று ஒரே ஒரு தடவை. வந்தால் உடனே கூலி. வராவிட்டால் திரும்பச் சொல்லாதீர்கள், நீங்கள் எழுந்து இரண்டு அடி பின்னால் போங்கள், பெரும்பாலும் தொடர்ந்து வரும். சாப்பாட்டுக்கு முன்னால், பசியோடு இருக்கும்போது, ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். குளிப்பாட்ட வேண்டுமென்றால் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள், அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

பிஸ்கட் தெரிந்தால்தான் செய்கிறது என்பது ரொம்பப் பேர் வீட்டில் நடப்பதுதான். பிஸ்கட்டைக் கையில் காட்டிக் காட்டி உட்கார வைத்ததால், "உட்கார்" என்கிற சொல்லுக்குப் பதிலாக பிஸ்கட்தான் அதற்குக் கட்டளையாகிவிட்டது. கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு டைனிங் டேபிள் மேல் வையுங்கள். வெறும் கையால் அதே சைகை காட்டுங்கள். பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியில் "சபாஷ்" என்று ஒரு சொல், பிறகு நடந்து போய் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். "சபாஷ்" என்றால் கூலி வருகிறது என்று அது சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டாம், சில தடவை தின்பண்டம், சில தடவை தடவிக் கொடுப்பது, சில தடவை பந்து. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது இன்னும் விடாமல் செய்யும். சாப்பாட்டு மேஜையில் பத்து தடவை மறுத்து ஒருமுறை கொடுத்தால் அது ஏன் விடாமல் கெஞ்சுகிறது என்பதற்கும் இதுவேதான் காரணம்.

கூலி எது என்பதும் முக்கியம். க்ரீம் பிஸ்கட், டீக்குத் தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டெல்லாம் சர்க்கரை, 5 கிலோ உடம்புக்கு அது அதிகம். வேகவைத்த கோழியை உப்பு, வெங்காயம் இல்லாமல் பிய்த்து பட்டாணி அளவில் பாதி கொடுங்கள். சைவ வீடு என்றால் பன்னீர், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கேரட். ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. ஒன்று மறக்க வேண்டாம்: பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர் திராட்சை நாய்க்கு விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலராத திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு எல்லாம் அதே பட்டியல்தான். பூஜைப் பிரசாதம் கொடுக்கும் வீடு என்பதால் சொல்கிறேன்.

மூத்திரம் பற்றி ராத்திரி எழுதுகிறேன், இப்போது ஆபீஸ்.


ஊசிபோடும் அக்கா:

மீனா, நான் கால்நடை கிளினிக்கில் உதவியாளர், டாக்டர் இல்லை. பழக்குவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிடுங்கள். "பிடிவாதம் மேடம்" என்று எங்களிடம் கூட்டிவரும் குட்டை நாய்களில் நிறைய பேருக்கு எங்கோ வலிதான் இருக்கும்.

நடுரோட்டில் உட்காருவதை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டிப்போகிறீர்கள்? இந்தச் சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகல், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும், அதுவே அவற்றுக்குச் சிரமம். சென்னையில் ஏப்ரல் மே மாதத்தில் காலை எட்டு மணிக்கே தார் ரோடு சுட ஆரம்பித்துவிடும். உங்கள் புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள், வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. கழுத்துப் பட்டையில் சங்கிலி போட்டு இழுக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்திவிட்டு மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், அக்குளில் உரசாத மாதிரி பார்த்து. நடக்கும்போது நடுவில் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று எட்டு தாவித் தாவிப் போகிறதா என்று கவனியுங்கள். சின்ன நாய்களுக்கு முழங்கால் சிப்பி விலகுவது சகஜம். கண்ணுக்கு மேல் முடி விழுந்திருந்தால் வெட்டிவிடுங்கள், அல்லது ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். எதுவும் தெரியாமல் எந்த நாயும் தைரியமாக நடக்காது.

மூத்திரத்தில் மூன்று வகை உண்டு, எது என்று பாருங்கள். சுவர், சோபா கால், கதவு ஓரம் என்று நிற்கிற பொருள்களில் காலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறதா? அது எல்லை குறிப்பது, எட்டு மாத ஆண் நாய்க்கு இந்த வயதில்தான் ஆரம்பிக்கும். தரையில் கிடக்கிற மெத்தென்ற பொருளில் மொத்தமாகப் போகிறதா? அது இடம் சரியாகப் பழகாதது. நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போதோ குனிந்து கையை நீட்டும்போதோ தன்னை அறியாமல் கசிகிறதா? அது சந்தோஷமோ பயமோ, அதற்குத் திட்டினால் இன்னும் கூடும். எல்லை குறிப்பதாக இருந்தால் கருத்தடை அறுவை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், நிறைய நாய்களுக்குக் குறைகிறது, எல்லாவற்றுக்கும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. அடிக்கடி போகிறது, முக்குகிறது, நிறம் சிவப்பாக இருக்கிறது என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள். ஷி சூவுக்கு மூத்திரப்பையில் கல் வருகிற வழக்கம் உண்டு. ஆண் நாய்க்கு அந்தக் கல் வழியில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ராஜபாளையத்தான் ஐயா, மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்த்தால் நாய்க்குப் புரிவது ஒன்றே ஒன்றுதான்: மூத்திரம் இருக்கும் இடத்தில் மனிதன் வந்தால் அடி விழும். அப்புறம் நீங்கள் பார்க்கிற மாதிரி எங்கேயும் போகாது. கீழே அரை மணி நேரம் நடத்தினாலும் அடக்கிக்கொண்டு வந்து ஒளிந்துதான் போகும். மீனா வீட்டில் யாராவது அப்படிச் செய்திருந்தால் அந்தக் காலை வாக்கிங் கதைக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.


மடிப்பாக்கம் மீனா:

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. மாமியாரிடம் "நீங்கள்தான் நல்ல ட்ரெய்னராம்" என்று படித்துக் காட்டினேன், அவருக்கு ஒரே பெருமை, மதியம் முழுக்க ஊரில் எல்லோருக்கும் போன். கல்கண்டுதான் கொடுக்கிறாராம். சில நாள் கேசரியும் உண்டு, திராட்சை விஷயம் கேட்டதும் பயந்துவிட்டார்.

அக்கா, காலைத் தூக்கவில்லை, குந்தி மொத்தமாகத்தான் போகிறது. நிறம் சரியாக இருக்கிறது. வாக்கிங் ஏழரை மணிக்கு, பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுப் போவேன், கழுத்துப் பட்டைதான். கணவர் ஆரம்பத்தில் ஒரு சில தடவை மூக்கைத் தேய்த்ததுண்டு, யாரோ சொன்னார்கள் என்று.

ஒரு சந்தேகம். வெளியே நிறைய நேரம் சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து மிதியடியில் போவது எப்படி? மிதியடியில் என்னதான் இருக்கிறது?


நாலுகால்:

மிதியடி மெத்தென்று இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, அதுதான் இருக்கிறது. குட்டியாக இருந்தபோது கூண்டில் பழைய துணியோ பேடோ போட்டு வைத்திருப்பார்கள். பாதத்துக்கு அடியில் எது மெத்தென்று பட்டதோ அதுதான் கழிப்பறை என்று அந்த வயதிலேயே பதிந்துவிடும். இப்போது அதன் கணக்கில் மிதியடி, கார்ப்பெட், கோரைப்பாய் எல்லாம் ஒரே ரகம். கீழே சிமெண்ட்டும் மண்ணும் அந்த ரகத்தில் சேரவில்லை. உங்கள் பேப்பர்கூடப் பாதிதான் சேர்ந்திருக்கிறது.

அதனால் வீட்டிலிருக்கும் எல்லா மிதியடியையும் கார்ப்பெட்டையும் சுருட்டிப் பரண் மேல் போடுங்கள். ஒரு மாதமாவது. பாத்ரூம் வாசல் ஈரமாக இருக்கும், மாமியார் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு ரப்பர் மேட் போடுங்கள், துணி வேண்டாம். பால்கனியில் பேப்பருக்குப் பதிலாக, அடியில் தட்டு வைத்த செயற்கைப் புல் கிடைக்கிறது, அதை வையுங்கள். பாதத்துக்கு வேறு மாதிரி படும், பிற்பாடு வெளியே புல்லுக்கு மாற்றுவதும் சுலபம். முதல் நாள் அதன் மூத்திரத்தில் நனைந்த பேப்பர்த் துண்டு ஒன்றைப் புல்லுக்கடியில் வையுங்கள்.

பழைய இடங்களை பினாயில் போட்டுத் துடைத்தால் வாசனை நமக்குத்தான் மறையும், அதன் மூக்குக்கு அப்படியே இருக்கும். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், மூத்திர வாசனை மாதிரியே இருக்கும். என்சைம் கிளீனர் என்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்பதை வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊறவிட்டுத் துடைக்கலாம், டைல்ஸில் மட்டும். மார்பிள் என்றால் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

நேரம்தான் பெரிய விஷயம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், ஓடியாடி விளையாடி முடித்ததும், இந்த மூன்று வேளையிலும் நீங்களே புல்லுக்குக் கூட்டிப்போய் அங்கேயே நில்லுங்கள். சும்மா நில்லுங்கள், போன் பாருங்கள், பேசாதீர்கள். போய் முடித்த அந்த நொடியில் சபாஷ், கூலி, அங்கேயே. ஹாலுக்குத் திரும்பி வந்த பிறகு கொடுத்தால் ஹாலுக்கு வந்ததற்கு கூலி என்று எடுத்துக்கொள்ளும். போகவில்லையென்றால் ஹாலில் அவிழ்த்துவிட வேண்டாம், உங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் புல். யார் கண்ணும் படாத நேரத்தில் அது வீட்டில் சுதந்திரமாகச் சுற்றக் கூடாது என்பதுதான் மொத்த வேலையே. தப்பான இடத்தில் போய்விட்டால் பேசாமல் துடையுங்கள்.

வெளியே போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கீழே மூத்திரம் போனதும் "அப்பாடா" என்று உடனே மேலே கூட்டி வந்திருப்பீர்கள். போனால் வாக்கிங் முடிந்துவிடும் என்று அது கண்டுபிடித்திருக்கும், அதனால் அடக்கும். தலைகீழாக மாற்றுங்கள். முதலில் ஒரே மரத்தடியில் நில்லுங்கள், போன பிறகுதான் சுற்றல். ஏழரையை ஆறாக்குங்கள்.


நீளநாய்க்காரன்:

சோபா உறுமல் பற்றி ராஜபாளையத்தான் ஐயாவைத் தவிர யாருமே எழுதவில்லை, அதனால் நான். என்னிடம் இருப்பது டாஷண்ட் என்கிற நீள உடம்பு நாய், பிடிவாதத்தில் ஷி சூவுக்குப் பெரியண்ணன். ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து, அங்கே வாழும் பேட்ஜர் என்ற விலங்கை எதிர்க்க உருவாக்கிய ஜாதி, யாரைக் கேட்டும் அது முடிவெடுப்பதில்லை.

உறுமியதற்குத் தயவுசெய்து அதட்டாதீர்கள் மீனா அக்கா. உறுமல் அதன் எச்சரிக்கை. அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திவிட்டால் கோபம் போகாது, எச்சரிக்கைதான் போகும், அப்புறம் நேராகப் பல்தான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூங்குகிற நாயை மேலிருந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்குவதை ஐந்து பேரும் இன்றோடு நிறுத்துங்கள், முக்கியமாக நான்காவது படிக்கிறவர். அதற்கு "இறங்கு" என்று சொல்லிக் கொடுங்கள். அது சோபாவில் இருக்கும்போது தரையில் ஒரு துண்டு பன்னீரைப் போட்டு, குதிக்கும்போது "இறங்கு" என்று சொல்லுங்கள். பிறகு மறுபடியும் ஏறச் சொல்லுங்கள், "ஏறு", அதற்கும் கூலி. ஏறுவதும் இறங்குவதும் விளையாட்டாகிவிட்டால் சோபா அது காவல் காக்க வேண்டிய சொத்தாக இருக்காது. கொஞ்ச நாளில் சொல்லும் கைவீச்சும் முதலில், பன்னீர் பின்னால். வாயில் சாக்ஸ் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றாலும் இதே வழிதான், பிடுங்காமல் மாற்றாக ஒன்றைக் கொடுங்கள்.

எங்கள் நாய்க்கு முதுகெலும்பு நீளம் என்பதால் நாங்கள் சோபாவுக்குப் படிக்கட்டே வைத்திருக்கிறோம், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேலி செய்வார்கள். செய்யட்டும்.


ராஜபாளையத்தான்:

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு, அவன் அடக்குவான், மற்றவை அடங்கும். இது இயற்கை. நாயும் ஓநாய் வம்சம்தானே?


நாலுகால்:

ஐயா, வில்லன் எல்லாம் இல்லை. அந்த ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பேசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் எழுதியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவற்றை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலம் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, 1999-இல் அவரே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே தலைமை என்பது பெற்றோர் பிள்ளைகளை வழிநடத்துவதுதான், சண்டை போட்டுப் பிடித்த பதவி இல்லை.

அதோடு உங்கள் வீட்டு ராஜபாளையம் நாள் முழுக்கத் தோட்டத்தில் ஓடியிருக்கும், எங்கே மூத்திரம் போனாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 5 கிலோ நாயைப் புரட்டிப் போட்டு அமுக்கினால், அதுவும் சப்பை மூக்கு நாயை, மூச்சுத் திணறல்தான் மிஞ்சும்.


ராஜபாளையத்தான்:

தோட்டம் விஷயம் சரிதான், எங்கள் வீட்டில் அரை ஏக்கர். மூன்றாவது மாடியில் நாய் வளர்ப்பதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு வழக்கு.


மடிப்பாக்கம் மீனா:

மிதியடி எல்லாம் பரணில் ஏறிவிட்டது. ஹார்னஸும் புல் தட்டும் ஆர்டர் போட்டாயிற்று. பிரிட்ஜ் கதவில் பேப்பர் ஒட்டியிருக்கிறோம்: இங்கே, உட்கார், இறங்கு, ஏறு, சபாஷ். இதைத் தவிர வேறு சொல் கூடாது என்று சின்னவள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். கணவர் மட்டும் கையெழுத்துப் போடாமல் அலைகிறார்.

ஒரு சிக்கல். ராத்திரி நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் நின்று குரைக்கும், நேற்றிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை, இன்று முன்பைவிட அதிகமாகக் குரைக்கிறது. தப்பாகச் செய்கிறோமா? மாமியார் மனசு கேட்காமல் கையை நீட்டுகிறார்.


நாலுகால்:

தப்பில்லை, அப்படித்தான் ஆகும். இதுவரை வேலை செய்த ஒன்று திடீரென்று வேலை செய்யாவிட்டால் இன்னும் பலமாக முயற்சி செய்து பார்க்கும். லிஃப்ட் வராவிட்டால் நாம் பட்டனை நாலைந்து தடவை அழுத்துகிற மாதிரிதான். இந்த நேரத்தில் யாராவது ஒரு வாய் கொடுத்தால், இவ்வளவு சத்தமாக, இவ்வளவு நேரம் குரைத்தால்தான் கிடைக்கும் என்று படித்துவிடும், பழைய நிலைமையைவிட மோசமாகும். அதனால் தாங்க முடியாது என்று தோன்றினால் சோதனையே வைக்காதீர்கள். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அதன் சாப்பாட்டையும் வேறு அறையில், உள்ளே அடைத்து நக்கிச் சாப்பிடும் ரப்பர் பொம்மையில் போட்டுக் கொடுங்கள், வாய்க்கு வேலை இருந்தால் குரைக்காது. கொஞ்ச நாள் கழித்து, மேஜையிலிருந்து தள்ளி ஒரு பாயில், அது வேண்டாம், பாய் உங்கள் வீட்டில் ஆபத்து, ஒரு பலகையில் உட்காரப் பழக்கலாம்.

மாமியாரிடம் "கொடுக்காதீர்கள்" என்று சொல்லாதீர்கள், நடக்காது. கொடுக்கிற பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அன்றைய பங்கு பன்னீரைக் காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு அவர் கையில் தாருங்கள். கிண்ணம் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். "இங்கே" என்று சொல்லி வந்தால் ஒன்று, புல்லில் போனால் ஒன்று, மேஜையில் மட்டும் இல்லை. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் அவர்தான், நேரம் பார்த்துப் புல்லுக்குக் கூட்டிப்போவதும் அவரால்தான் முடியும். பூஜை முடிந்து கல்கண்டுக்குப் பதிலாக இந்தக் கிண்ணத்திலிருந்தே ஒரு துண்டு.


ஊசிபோடும் அக்கா:

கல்கண்டை நிறுத்துவது நல்லது, சின்ன நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும். மீனா, ரேபிஸ் ஊசி, மற்ற ஊசிகள் எல்லாம் தேதிப்படி போட்டாயிற்றா? மாநகராட்சி உரிமத்துக்கும் ஊசிச் சான்றிதழ் வேண்டும். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சங்கிலியை ஹார்னஸில் மாட்டுங்கள், போன் நம்பர் எழுதிய வில்லை பட்டையிலேயே இருக்கட்டும்.


மடிப்பாக்கம் மீனா:

ஊசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறோம், உரிமம் மட்டும் பாக்கி, இந்த வாரமே செய்கிறேன். புல் தட்டு வந்தது. முதல் நாள் அதன் மேல் ஏறிப் படுத்துத் தூங்கியது. பேப்பர்த் துண்டை அடியில் வைத்ததும் மறுநாள் காலை மோந்து பார்த்து இரண்டு சுற்றுச் சுற்றிப் போனது. மாமியார் "சபாஷ்" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட்காரர் என்ன ஏது என்று கதவைத் திறந்து பார்த்தார். மழைக்காலத்தில் பால்கனியில் சாரல் அடிக்கும், அப்போது தட்டை உள்ளே ஹாலுக்குக் கொண்டுவரலாமா, அல்லது குழம்பிவிடுமா?


நீளநாய்க்காரன்:

ஒரேயடியாகக் கொண்டுவந்தால் குழம்பும் அக்கா. இப்போதிருந்தே தினமும் ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வாருங்கள், பால்கனிக் கதவுக்கு உட்பக்கம் வந்து நிற்கட்டும், அங்கேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். தட்டைத் தினமும் கழுவுங்கள், ரொம்ப நாறினால் அதுவும் வேறு இடம் தேடும்.